வாரண்டி முடிந்த பிறகு

அந்த மருத்துவமனையை அருணா ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. இலங்கையின் மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, இந்திய அரசின் உதவிப் பணத்தில் கட்டிய நூற்றைம்பது படுக்கை மருத்துவமனை அது. அதற்கு ஆக்சிஜன் தயாரிக்கும் இயந்திரத்தைச் செய்து கொடுத்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கும் அவளுடைய கம்பெனி. காற்றை இழுத்து, அதிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து வெளியே தள்ளிவிட்டு, ஆக்சிஜனைக் குழாய் வழியாக வார்டுகளுக்கு அனுப்பும் இயந்திரம். மூன்று வருடங்களுக்கு முன்னால் இரண்டு கன்டெய்னர்களில் கப்பலேறிப் போனது.

அருணாவுக்கு சர்வீஸ் பிரிவில் வேலை. இயந்திரம் வாங்கியவர்கள் கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டும், புகாரை எழுதிக்கொள்ள வேண்டும், யாரை அனுப்புவது என்று பார்க்க வேண்டும். அவள் படித்தது பி.காம். பத்து வருடம் புகார் கேட்டுக் கேட்டு, எந்தச் சத்தத்துக்கு எது கெட்டிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடுவாள். இலங்கை அழைப்புகள் எல்லாம் அவளிடமே வந்தன. புனேயில் இருந்த தலைமை அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் இல்லை. மருத்துவமனையில் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட யோகராஜுக்குத் தமிழும் சிங்களமும்தான் தெரியும்.

யோகராஜ் தோட்டத் தொழிலாளியின் மகன். இயந்திரத்தைப் பொருத்திய நாற்பது நாளும் கூடவே நின்று பார்த்ததுதான் அவனுக்குக் கிடைத்த பயிற்சி. எதற்கெடுத்தாலும் கூப்பிடுவான். "மிஸ், ஒரு சின்ன டவுட்டு" என்றுதான் ஆரம்பிப்பான். பின்னால் எப்போதும் மழைச் சத்தம் கேட்கும்.

ஜூன் மாதம் வாரண்டி முடிந்தது. மறுநாளே மேனேஜர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இனிமே அந்த ஆஸ்பத்திரி கால் வந்தா எடுக்காதீங்க அருணா. வருஷ ஒப்பந்தம் போடட்டும், அப்புறம் சர்வீஸ். வாயால ஒண்ணு சொல்லி, அவன் அதைத் தப்பாப் பண்ணி, யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையிலதான் விழும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கட்டி ஒப்படைத்தாயிற்று, இனி அது அவர்களுடையது என்றார்கள் இந்தியத் தரப்பில். கோப்பு கொழும்புக்குப் போயிருக்கிறது என்றார்கள் அங்கே. மருத்துவமனையின் தலைவரான பணிப்பாளர் இரண்டு கடிதம் எழுதினார். இரண்டுக்கும் 'பெறப்பட்டது' என்று பதில் வந்தது. யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் சண்டை போடவும் ஆள் இல்லை.

யோகராஜ் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அருணாவும் எடுத்துக்கொண்டே இருந்தாள், "இப்ப எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று சொல்வதற்காக. "பரவாயில்ல மிஸ், சும்மா கேட்டேன்" என்று அவன் வைத்துவிடுவான். கோபமாகத் திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வீடு மணவாள நகரில். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, கணவனுக்கும் மகளுக்கும் சமைத்து வைத்துவிட்டு, ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் ஏறுவாள். பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை வழியாக ஒன்றரை மணி நேரம். திரும்பவும் அதே ஒன்றரை மணி நேரம். கணவன் சரவணகுமார் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. இருவரும் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். மகள் பூமிகா பிளஸ் டூ. பஸ்ஸில் தூங்கும் தூக்கம்தான் அருணாவுக்கு நிம்மதியான தூக்கம்.

அது ஆடி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்குப் புறப்பட்ட பஸ், பெரியபாளையத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. மறுநாள் ஞாயிறு. பவானி அம்மன் கோயிலுக்கு வேனிலும் மினி லாரியிலும் ஜனம் வந்து குவிந்திருந்தது. மஞ்சள் புடவை, வேப்பிலைக் கட்டு, தலையில் பானை, கயிற்றில் கட்டிய கோழி. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பம்பை செட். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி டீ குடிக்கப் போனார்.

அருணா கண்ணை மூடியபோது பையில் ஆபீஸ் போன் அடித்தது. இலங்கை எண். அதில் ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது.

பின் சீட்டில் இருந்த பீட்டர் எட்டிப் பார்த்தார். ஃபிட்டர். பதினோரு வருடமாக அதே கம்பெனியில், ஆனால் கான்ட்ராக்ட் ஆள். அந்த மலைநாட்டு மருத்துவமனைக்குப் போய் நாற்பது நாள் தங்கி இயந்திரத்தைப் பொருத்தியவர் அவர்தான். பெரியபாளையத்தைத் தாண்டி ஒரு காலனியில் அவருக்கு வீடு.

"எடுக்காதம்மா" என்றார். "எடுத்துட்டு இல்லன்னு சொல்றதுக்கு, எடுக்காமலே இருக்கலாம்."

அருணா எடுத்தாள்.

"மிஸ், மெசின் நின்னு போச்சு மிஸ்." டவுட்டு என்று ஆரம்பிக்கவில்லை அவன். "ஆக்சிஜன் பியூரிட்டி எழுபது பர்சன்டுக்கு வந்து அலாரம் அடிச்சு ட்ரிப் ஆயிருச்சு. ரெண்டு தரம் போட்டுப் பாத்தேன். திரும்பத் திரும்ப விழுகுது."

"சிலிண்டர் இருக்குதில்ல? அதுல மாத்துங்க."

"மாத்திட்டேன் மிஸ். காலையில இருந்து மழை. கீழ ரோட்டுல மண்சரிவு, சிலிண்டர் லொறி வர ஏலாது. நாளைக்குத்தான் ரோடு தொறப்பாங்களாம்."

பீட்டர் சீட்டின் மேல் கையை வைத்து, போன் பக்கம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மாறியது. பிறகு, "எத்தினி சிலிண்டர் கீதுன்னு கேளு" என்றார்.

நாலு. அதுவும் ஒன்றில் பாதி. ஆக்சிஜனில் இருந்தவர்கள் ஒன்பது பேர். அதில் மூன்று, பிறந்து ஒரு வாரம் ஆகாத குழந்தைகள். தாக்குப் பிடித்தால் இரண்டு மணி நேரம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பக்கத்து வேனில் பம்பையை அடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"எறங்கு" என்றார் பீட்டர். "இங்க குந்திக்கினு ஒண்ணும் ஆவாது."

சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் வைத்திருந்த சின்ன அறைக்குள் போய், அங்கிருந்தவரிடம் பீட்டர் ஏதோ சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே ஆயில் நாற்றம், புழுக்கம். அருணா தன் சொந்த எண்ணை யோகராஜுக்குச் சொல்லி, வீடியோவில் வரச் சொன்னாள். ஆபீஸ் போன் எப்போது வேண்டுமானாலும் அணைந்துவிடும்.

"அண்ணா, உங்க பேரைச் சொல்லட்டுமா, வேணாவா?" என்று கேட்டாள். அந்த ஆஸ்பத்திரி விஷயத்தில் கான்ட்ராக்டர் தன் ஆட்களையும் எச்சரித்திருந்தது அவளுக்குத் தெரியும்.

"பேர்ல இன்னா கீது இப்ப. அவனுக்கு என் மூஞ்சி தெரியும்."

திரையில் யோகராஜின் முகம் வந்தது. மழையில் நனைந்த ஸ்வெட்டர். பீட்டரைப் பார்த்ததும், "அண்ணே" என்றான். ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்தான்.

"அய்யே, அத்த அப்பால வச்சுக்கலாம். மெசின ஸ்டார்ட் பண்ணி, காத்து வெளிய போவுதே அந்த சைலன்ஸர் பக்கம் போனைக் காட்டு."

உஸ்ஸென்று விடாமல் காற்று போகும் சத்தம் கேட்டது. இயந்திரத்தில் ஏ, பி என்று இரண்டு பெரிய கோபுர டாங்குகள் உண்டு. ஒன்று காற்றைப் பிரிக்கும்போது மற்றது தன்னிடம் சேர்ந்த நைட்ரஜனை வெளியேற்றும். விட்டு விட்டு வர வேண்டிய சத்தம் அது.

அருணா சொன்னாள்: "பி டாங்க் வெளியேத்துற வால்வு மூடல. அதான் உள்ள பிரஷரே நிக்கல. ஆவடியில ஒரு ஆஸ்பத்திரியில இதே சத்தம் வந்துச்சு அண்ணா, போன வருஷம்."

பீட்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "கரீட்டு" என்றார். "யோகு, ஸ்க்ரூடிரைவர் எட்து வா. அந்த வால்வு மேல கறுப்பா பொட்டி மாரி காயில் கீது பாரு, அதும் தலையில ஸ்க்ரூடிரைவர் நுனியை வையி. இழுக்குதா?"

"இல்லண்ணே."

"ஏ டாங்க்குல வச்சிப் பாரு."

"இது இழுக்குது. காந்தம் மாதிரி இழுக்குது."

"அவ்ளோதான். பி காயில் எரிஞ்சு போச்சு, அதான் வால்வு மூட மாட்டேங்குது. மோந்து பாரு, கருகல் வாட வரும்."

வந்தது. புதுக் காயில் கும்மிடிப்பூண்டி ஸ்டோரில் ஓர் அலமாரி நிறைய இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் சாமான். அருணா அதைத் தினம் நாலு பேருக்குக் கூரியர் போட்டிருக்கிறாள்.

பீட்டர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அந்த இயந்திரத்தை மனதுக்குள் ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்ப்பவர் போல உதடு அசைந்தது. "மெயின் டாங்க்குக்குப் பின்னாடி ஒரு சின்ன வால்வு கீதில்ல, ஸ்டார்ட்டிங்ல மட்டும் தொறக்குமே? நீல பெயின்ட் அடிச்சது. நான்தான் மாட்டுனேன். அதுலயும் இதே காயில்தான். அத்தக் கயட்டி இதுல போடு. அந்த நீல வால்வ அப்பால கையாலயே தொறந்து மூடிக்கலாம்."

"மொதல்ல மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க யோகராஜ்" என்றாள் அருணா. "ஆஃப் பண்ணி, பூட்டி, சாவிய பாக்கெட்ல போடுங்க. போட்டுட்டு எனக்குக் காட்டுங்க."

அவன் சாவியைக் காட்டினான்.

நீல வால்விலிருந்து காயில் சுலபமாக வந்தது. எரிந்து போனதுதான் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பலமாக இழுத்ததில் மேலே இருந்த நட்டு தெறித்து இயந்திரத்துக்கு அடியில் போய்விட்டது. அவன் போனைத் தரையில் வைத்துவிட்டுக் குப்புறப் படுத்துத் தேடினான். இவர்களுக்குக் கூரைத் தகரம் மட்டும் தெரிந்தது, மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் இணைப்பு இரண்டு தரம் அறுந்தது. இரண்டாவது தரம் மறுபடியும் கிடைக்க ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் பீட்டர், "அவசரப்படாதடா, அவசரப்படாத" என்று வெறும் போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நட்டு கிடைத்தது. மாட்டினான். ஸ்டார்ட் பண்ணினான். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்துவிட்டு, "இழுக்குதுண்ணே!" என்று கத்தினான். சத்தம் விட்டு விட்டு வர ஆரம்பித்தது.

ஆனால் பியூரிட்டி உடனே ஏறாது. தொண்ணூற்று மூன்றுக்கு வந்தால்தான் வார்டுக்குத் திறக்கலாம். அறுபத்தெட்டில் ஆரம்பித்தது. யோகராஜ் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். எழுபத்தொன்று. எழுபத்தொன்றிலேயே ரொம்ப நேரம். எழுபத்தெட்டு. அவனுக்குப் பின்னால், கதவோரம் ஒரு நர்ஸ் குடையோடு வந்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஓடினாள், மறுபடி வந்தாள். சிலிண்டர் இன்னும் ஒன்றேகால்தான் இருந்தது.

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அருணா கதவைத் திறக்கவில்லை.

எண்பத்தொன்பதைத் தாண்டியதும் பீட்டர் தரையில் உட்கார்ந்தார். தொண்ணூற்று மூன்று என்று யோகராஜ் சொன்னபோது மணி ஏழேகால் இருக்கும். வால்வைத் திறந்துவிட்டு அவன் போனை எங்கேயோ வைத்தான். நர்ஸ் ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவன் திரும்பி வந்து, "மிஸ், அண்ணே" என்றான்.

"போய் டீ குடி. குடிச்சிட்டு வந்து மறுக்கா பாரு" என்றார் பீட்டர்.

அறையை விட்டு வெளியே வந்தபோது அருணாவின் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. பங்க்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். சந்தோஷம் என்று சொல்லும்படியாக ஒன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. கால் வலித்தது. ஷேர் ஆட்டோ கிடைக்குமா என்ற யோசனைதான் இருந்தது.

மறுநாள் காலையில் யோகராஜிடமிருந்து குரல் செய்தி வந்தது. இயந்திரம் ஓடுகிறது, ரோடு திறந்துவிட்டார்கள், குழந்தைகள் மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று சொன்னான். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி, "ஒரு அய்யா மட்டும் விடியக்காலையில போயிட்டாரு மிஸ். தோட்டத்துல வேல செஞ்சவரு, நெஞ்சு சளிக்காரரு. அது ஆக்சிஜனால இல்லன்னு டொக்டர் சொன்னாரு" என்றான்.

அருணா அதை மூன்று முறை கேட்டாள். சரவணகுமார், "அதான் அதனால இல்லன்னு சொல்றானே" என்றான். ஆமாம் என்றாள். முதல் மணி அடித்தபோதே பீட்டரிடம் கேட்டிருந்தால், அந்த இணைப்பு அறாமல் இருந்திருந்தால் என்று அன்று முழுவதும் நிமிடங்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து மருத்துவமனைப் பணிப்பாளரிடமிருந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. நன்றிக் கடிதம். வாரண்டி முடிந்த பின்னும் உங்கள் ஊழியர்கள் திருமதி அருணாவும் திரு பீட்டரும் செய்த உதவியை மறக்க மாட்டோம் என்று, நடந்தது முழுவதையும் எழுதி, தூதரகத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருந்தார். நல்ல மனதோடு எழுதியது.

மேனேஜர் அதை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார். "நான் என்ன சொன்னேன் அருணா?"

"எடுக்க வேணாம்னு சொன்னீங்க சார்."

"அந்தக் காயிலைக் கழட்டும்போது அவனுக்குக் கரண்ட் அடிச்சிருந்தா?"

"சுவிட்சைப் பூட்டி சாவியக் காட்டச் சொன்னேன் சார்."

"அதுக்கு இல்லம்மா." அவரும் களைத்துப்போனவராகத்தான் தெரிந்தார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேன். இது இப்ப எல்லாருக்கும் தெரியுது."

அந்த வாரமே அடுத்தடுத்துக் காரியங்கள் நடந்தன. கடிதத்தை அழகாகச் சட்டம் போட்டு, தலைமை அலுவலகம் தன் இணையதளத்தில் வெளியிட்டது. எச்சரிக்கை மெமோ ஒன்று அருணாவின் கைக்கு வந்தது. அவளைப் போன் எடுக்கும் வேலையிலிருந்து மாற்றி, சரக்கு அனுப்பும் பிரிவில் போட்டார்கள். பீட்டருக்கு மெமோ எல்லாம் இல்லை. கான்ட்ராக்டர் அவரைத் திங்கட்கிழமையிலிருந்து வேறு கம்பெனிக்குப் போகச் சொன்னான். இரும்புக் கம்பி உருட்டும் ஆலை.

அருணா அவருக்குப் போன் செய்து அழுதாள். "நான்தான் அண்ணா உங்கள இழுத்து விட்டேன்."

"நீ எங்கம்மா இழுத்த? சிலிண்டர் எத்தினின்னு கேட்டது நானு." அவர் கொஞ்சம் இருமினார். "வுடு. பேஜாருதான். ஆனா இன்னா பண்றது, கேட்டுட்டோம், அப்பால சொம்மா இருக்க முடியுமா."

ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் ஆர்டர் பட்டியலில் அந்த மருத்துவமனையின் பெயரை அருணா பார்த்தாள். ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. தூதரகத்துக்குப் போன நகல் வேலை செய்ததா, கொழும்புக் கோப்பு தானாகவே நகர்ந்ததா, தெரியவில்லை. சர்வீஸை இனி கொழும்பிலேயே ஒரு ஏஜென்சி பார்த்துக்கொள்ளும். முதல் சரக்காகப் பன்னிரண்டு காயில்கள். அவளே அட்டைப் பெட்டியில் எண்ணி வைத்து, முகவரி ஒட்டினாள். உள்ளே ஒரு சீட்டு எழுதி வைக்கலாமா என்று நினைத்தாள். பிறகு வைக்கவில்லை.

யோகராஜிடமிருந்து அழைப்பு வருவது நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ் பழுது. கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் கவர்ன்மென்ட் பஸ்ஸுக்கு நின்றபோது டீக்கடை முன்னால் பீட்டரைப் பார்த்தாள். இளைத்திருந்தார். முழங்கை வரை சட்டையில் சின்னச் சின்னத் தீப்பொறி ஓட்டைகள்.

"எப்படி அண்ணா இருக்கு அங்க?"

"சூடும்மா. ஷிப்ட் முடிஞ்சி ஊட்டுக்குப் போயி தண்ணி ஊத்திக்கினாலும் ஒடம்பு ஆற மாட்டேங்குது. ஊட்டுக்காரி மேரி தெனம் சண்ட போடுறா, வேற எடம் பாருன்னு. பாக்கணும்." டீயை ஊதிக் குடித்தார். "யோகு கூப்புட்டானா?"

"இல்லண்ணா. ஒப்பந்தம் ஆயிடுச்சு. வேற ஆளுங்க பாக்குறாங்க. இன்னிக்கு பன்னெண்டு காயில் அனுப்பினேன்."

"பன்னெண்டா?" பீட்டர் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "அத்தினியும் எரிய இருவது வருஷம் ஆவும்."

"அந்த மெஷின் ஓடுதான்னுகூட தெரியல அண்ணா."

"ஓடும். நின்னா உன் போனுக்குத்தான் அடிச்சிருப்பான்."

பஸ் வந்தது. கூட்டம் முண்டியடித்தது. அருணாவுக்கு ஓர் இடம் கிடைத்தது, பீட்டருக்குக் கிடைக்கவில்லை. அவள் எழுந்து, "நீங்க உக்காருங்க அண்ணா" என்றாள். வேண்டாம் என்றார். இரண்டாவது முறை சொன்னபோது உட்கார்ந்துவிட்டார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூங்கி விழும் அவருடைய தலை ஜன்னலில் இடிக்காமல் பையை இடையில் வைத்தாள்.